மூன்று படி தவிடு

மூன்று படி தவிடு. பிறந்து ஐந்து நாளான அந்தப் பெண் குழந்தைக்குப் பேசி முடித்த விலை அவ்வளவுதான்.

பேசியவள் ராமக்காள். குழந்தையின் அப்பா அருள்பாண்டிக்கு மூத்த அக்கா. தாய் போன பிறகு அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வாங்க வேண்டியவள் கனகா. கே.கே. நகரில் குழந்தை பிறந்த அதே ஆஸ்பத்திரியில், பச்சைக்குழந்தை வார்டில் ஒன்பது வருஷமாக நர்ஸ்.

தண்ணீர் பிடிக்கப் போன கனகாவைத் தாழ்வாரத்தில் மடக்கித்தான் ராமக்காள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ஒண்ணும் பெருசா இல்லத்தா. முறத்துல பிள்ளையப் போடுவோம். நீ தவிட்டக் குடுத்துட்டுத் தூக்கிக்கிறணும். முப்பது நாள் உன் வீட்டுல, உன் பிள்ளையா வளரணும். முப்பத்தோராம் நாள் அரிசி குடுத்து நாங்க திருப்பி வாங்கிக்கிருவோம். தங்காத பிள்ளைக்கு எங்க வகையறாவுல செய்யிறதுதான்."

"நான் எதுக்கும்மா? உங்க சொந்தத்துலயே யாராச்சும்..."

"சொந்தத்துல குடுத்தா அது கண்டுபிடிச்சிரும்."

எது என்று கனகா கேட்கவில்லை.

"எங்காளுக தெருவெல்லாம் அதுக்கு அத்துபடி. உங்க தெருவுக்குள்ள எங்க வீட்டுப் பிள்ளை கெடக்கும்னு எமனுக்கே தோணாதுல்ல?"

ராமக்காள் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கனகாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுடைய அப்பா மலைச்சாமி இந்த மாதிரி வகையறாக்களின் வயலில் நாற்பது வருஷம் கூலிக்கு உழைத்தவர். தாகம் என்றால் வரப்பில் குனிந்து, கையை ஏந்தி, மேலிருந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்தவர். மகள் வெள்ளைச் சீருடை போட்ட பிறகும் எமனுடைய விலாசப் புத்தகத்தில் தெரு மாறவில்லை போலிருக்கிறது.

முடியாது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அப்போது பார்த்து அறைக்கதவு ஆடித் திறந்தது. உள்ளே கட்டிலில் பாண்டீஸ்வரி, குழந்தையின் அம்மா. குழந்தையைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகாவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

காரணம் இருந்தது. பாண்டீஸ்வரிக்கு இது மூன்றாவது. முதல் குழந்தை ஒன்பதாம் நாள் போனது. இதயத்தில் ஓட்டை என்றார்கள். இரண்டாவது பதினான்காம் நாள். தூக்கத்திலேயே. அதை வெள்ளைத் துணியில் சுற்றி அருள்பாண்டியின் கையில் கொடுத்தவள் கனகாதான். இறப்புச் சீட்டில் காரணம் என்று அச்சடித்த இடத்தில் டாக்டர் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கோடு மட்டும் போட்டார்.

கோடு போட்ட இடத்தில் யார் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். ராமக்காள் தவிட்டை நிரப்பினாள்.

"என்னைக்கு வாரீங்க?" என்று கேட்டாள் கனகா.

கனகாவுக்குக் கீழக்குயில்குடியில் வீடு. சமணர் மலையின் நிழல் சாயங்காலம் வாசல் வரை வந்து போகும். கனகாவின் கணவன் ராஜபாண்டி ஆட்டோ ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"முப்பது நாள்தாங்க."

"பதினோரு வருசமா ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கோம். இப்ப வாடகைக்கு ஒண்ணு. சைக்கிளா இது, எடுத்தமா விட்டமான்னு இருக்க?" தட்டை நகர்த்தி வைத்தான். "நான் அதத் தொட மாட்டேன். சொல்லிட்டேன். ஆட்டோவுலயே படுத்துக்கிறேன்."

மறுநாள் காலை கார் வந்து நின்றது. வாசலுக்கு வெளியே முறம். முறத்தில் குழந்தை. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் கேட்டு வாங்கி, மூன்று படி அளந்து ராமக்காளின் மடியில் கொட்டினாள் கனகா. பாதி காற்றில் பறந்தது.

"இனி இது உன் பிள்ளை," என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள் ராமக்காள். பிறகு குரலைத் தணித்துத் தம்பி பொண்டாட்டியிடம் திரும்பினாள். "பாண்டீசு, நல்லாக் கேட்டுக்க. நீ பால் குடுக்க வார கூலிக்காரி. அம்புட்டுத்தான். ஒவ்வொரு தடவையும் இவகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் குடுக்கணும். என் பிள்ளைன்னு வாய் தவறிக்கூட வந்துரக் கூடாது."

கனகா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்," என்றாள் ராமக்காள். வாசற்படியில் கால் வைக்கவில்லை.

பாண்டீஸ்வரி ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தாள். மதினிக்கு வந்த இன்னொன்றையும் எடுத்துக் குடித்தாள். பிறகு கனகாவின் முன்னால் வந்து நின்றாள். 

"அக்கா... உங்க பிள்ளைக்குப் பால் குடுக்கலாமாக்கா?"

உங்க பிள்ளை. அந்த இரண்டு வார்த்தையை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"குடு தாயி."

கனகா ஒரு மாதம் லீவு போட்டாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் பாண்டீஸ்வரி காரில் வருவாள். மீதி நேரத்துக்குப் பீய்ச்சி வைத்த பால். சிம்மக்கல் பழமண்டியிலிருந்து அருள்பாண்டி மத்தியானம் ஒரு நடை ஐஸ் பெட்டியில் பால் கொண்டுவருவான். கூடவே ஒரு பை மாதுளை. கனகா பாலாடையில் ஊற்றி ஊட்டுவாள். மூன்று மடக்கு, ஒரு மூச்சு. மறுபடி மூன்று மடக்கு, ஒரு மூச்சு. ஆயிரம் குழந்தைகளுக்கு ஊட்டியவள்தான். இப்படி அளந்து குடிக்கிற குழந்தையை அவள் பார்த்ததில்லை.

"உங்க வீட்டு ராமக்காள் மாதிரியே கண்டிசன் பேர்வழியா வரும்," என்றாள் பாண்டீஸ்வரியிடம். பாண்டீஸ்வரி சிரித்துவிட்டாள். சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பால் ஊற வேண்டுமே என்று கனகா அவளுக்குச் சுறாப்புட்டு கிண்டிக் கொடுத்தாள். பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிடுவாள் பாண்டீஸ்வரி. "மதினிகிட்டச் சொல்லிராதீங்கக்கா."

கூப்பிட மட்டமான பேர்தான் வைக்க வேண்டுமாம். தவிட்டு என்று வைத்தாள் கனகா.

தொட மாட்டேன் என்றவன் மூன்றாம் நாள் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தான். ஐந்தாம் நாள், "ஏ தவிட்டு, என்னா முறைக்கிற?" என்றான். ஏழாம் நாள் ஸ்டாண்டிலிருந்து ஒருத்தன், "மாப்ள, மத்தியானச் சவாரிக்கெல்லாம் போன எடுக்க மாட்டேங்குற, வீட்டுல புதையலா இருக்கு?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. ஆட்டோவின் பின்சீட்டில் பழைய வேட்டியை மடித்து மெத்தை போட்டு வைத்திருந்தான். எதற்கு என்று கனகா கேட்டதற்கு, "ஸ்பிரிங் குத்துதுன்னு சவாரிக சொல்றாங்க," என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

இதற்குள் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் கடந்திருந்தது. பதினான்காம் நாள் பாண்டீஸ்வரி காலையில் வந்தவள் போகவே இல்லை. குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தபடியே பொழுதைப் போக்கினாள். அதுவும் கடந்தது.

குழந்தைக்கு இருபத்திரண்டு நாள் ஆன அன்று மத்தியானம் மூன்று மணி. பாலாடையை வாயில் வைத்தாள் கனகா. ஒரு மடக்கு. அவ்வளவுதான். பால் கடைவாயில் வழிந்தது. கழுத்தடியில் கை வைத்தாள்.

கொதித்தது.

"ஏங்க! வண்டிய எடுங்க!"

ராஜபாண்டி சட்டை போடவில்லை. செருப்புப் போடவில்லை. ஆட்டோ கீழக்குயில்குடி ரோட்டில் பறந்தது. நாகமலை விலக்கில் ஒரு லாரி குறுக்கே நின்றது; மண்ணில் இறக்கி, ஒரு டீக்கடை பெஞ்சை உரசி, மறுபடி ரோட்டில் ஏற்றினான். பின்னால் வந்த வசவை அவன் காதில் வாங்கவில்லை. கனகா பின்சீட்டில் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். அழு. அழுது தொலை. அழுடி தவிட்டு.

பாண்டீஸ்வரிக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். போன் அடித்தது. ராமக்காள்.

"நாங்க வந்துக்கிட்டே இருக்கோம். அங்க பேரு கேட்டா உன் பேரைச் சொல்லு. எங்க பேரு எந்தச் சீட்டுலயும் வரக் கூடாது கனகா. அது சீட்டத்தான் மொத மோந்து பாக்கும்."

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கனகாவோடு தினமும் டீ குடிப்பவள். நிமிர்ந்து பார்த்தாள். "தாய் பேரு என்னக்கா?"

கனகா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கனகா."

அந்தப் பெண் வேறெதுவும் கேட்காமல் தட்டினாள். மெஷின் சின்னதாக ஒரு பட்டையைத் துப்பியது. 'கனகா – பெண் குழந்தை.' ஒன்பது வருஷத்தில் எத்தனை மணிக்கட்டில் எத்தனை பட்டை கட்டியிருப்பாள்! தன் பேர் போட்ட பட்டையை முதல் தடவையாகக் கட்டினாள். இரண்டு தடவை கழன்றது.

கிருமித்தொற்று. நேரத்துக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தது என்றார் டாக்டர். "வேற யார் கையில இருந்தாலும் ராத்திரி வரைக்கும் பாப்போம்னு இருந்திருப்பாங்க. நர்ஸ் கையில இருந்ததுதான் அதிர்ஷ்டம்."

ராமக்காள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தேடி வந்தது, சீட்டைப் பார்த்தது, வேறு பேர் என்று திரும்பிப் போய்விட்டது.

நான்காம் நாள் குழந்தை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்து, மூன்று மடக்கு குடித்து, ஒரு மூச்சு விட்டது. ராஜபாண்டி தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. அருள்பாண்டி போய் அவன் தோளில் கை போட்டான். "அண்ணே, பேரு வைக்கிற அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும்தான் முன்னாடி நிக்கணும். நம்ம வீட்டு விசேசம்."

கனகா அதை நம்பினாள். அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கை மனசுக்குள் போட்டு வைத்தாள். அவர்கள் வீடும் கே.கே. நகர்தானே. டூட்டி முடிந்து நடக்கிற தூரம்தானே. தூக்கிக் கொடுக்கப் போவது கையிலிருந்துதான், கண்ணிலிருந்து இல்லையே.

முப்பத்தோராம் நாள் விடிந்தது. "சவாரி இருக்கு," என்று ராஜபாண்டி ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணியவன் பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு போனான்.

கார் வந்தது. அதே வாசல், அதே முறம். ராமக்காள் மூன்று படி அரிசியையும் ஒரு பட்டுப்புடவையையும் கனகாவின் மடியில் வைத்தாள்.

"நான் மூணு தரம் கேப்பேன். தெரியாதுன்னு சொல்லணும். அப்பத்தான் கட்டு அறும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இது யாரு பிள்ளை?"

"யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரியாது."

"இது யாரு பிள்ளை?"

"யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரியாது."

"இது யாரு பிள்ளை?"

முறத்தில் கிடந்த குழந்தை தலையைத் திருப்பியது. கனகாவின் குரல் வந்த பக்கம்.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. பாண்டீஸ்வரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பிள்ளைன்னு..." கனகா முறத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "எனக்குத் தெரியாது."

பாண்டீஸ்வரி பாய்ந்து குழந்தையை அள்ளினாள். "என் பிள்ளை, என் பிள்ளை, என் பிள்ளை." ஒரு மாதமாக அடக்கி வைத்தது ஒரே மூச்சில் கொட்டியது. கனகாவுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது. கத்தியால் கீறுகிற மாதிரியும் இருந்தது.

"சட்டை, துண்டு, பாலாடை எல்லாத்தையும் கட்டிக் குடுத்துரு. ஒரு நூலு கூட உன்கிட்டத் தங்கக் கூடாது," என்றாள் ராமக்காள். கனகா கட்டிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிப் பட்டையை மட்டும் கொடுக்கவில்லை. அது அவளுடைய நர்ஸ் அடையாள அட்டைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பேரு வைக்கிறதுக்கு எத்தன மணிக்கு வரணும்மா?"

ராமக்காள் அருள்பாண்டியைப் பார்த்தாள். அருள்பாண்டி போனைப் பார்த்தான்.

"நீ வரக் கூடாதுத்தா."

"என்னது?"

"இனி நீ பிள்ளை மூஞ்சியில முழிக்கவே கூடாது. அது உன் வீட்ட மோந்து வச்சிருக்கு. நீ வந்தா உன் பின்னாடியே வந்துரும். பிள்ளை பெரிய மனுசியாகுற வரைக்கும் இந்த விரதம் இருக்கு."

"மதினி!" பாண்டீஸ்வரியின் குரல் கிறீச்சிட்டது. "இத நீங்க சொல்லவே இல்லையே!"

"எல்லாத்தையும் முன்னாடியே சொன்னா எவ ஒத்துக்கிருவா?"

கனகா ராமக்காளின் கண்ணையே பார்த்தாள். பொய். அப்பட்டமான பொய். ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வரும். 'இது யாரு, எந்த ஊரு, எந்தத் தெரு' என்று கேட்கும். முப்பது நாள் காபி குடிக்காத வாய் அதற்கு என்ன பதில் சொல்லும்? வாசற்படி ஏறாதவள் தன் வாசற்படியையும் காப்பாற்றிக்கொள்கிறாள். அவ்வளவுதான் சங்கதி.

நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருக்கலாம். தெருவே திரண்டு இவள் பக்கம் நின்றிருக்கும்.

ஆனால் வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தக் கனம் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் என்ற இடத்தில் போட்ட அந்தக் கோடு. பொய்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொய். மீதி ஒன்றை வைத்து ஒரு பிள்ளையோடு சூதாட முடியுமா?

"சரிம்மா," என்றாள் கனகா.

கார் திரும்பும்போது பாண்டீஸ்வரி கண்ணாடியை இறக்கி எதையோ சொன்னாள். ராமக்காள் கையை நீட்டிக் கண்ணாடியை ஏற்றினாள்.

சாயங்காலம் ராஜபாண்டி வந்தான். நடந்ததைக் கேட்டான்.  பின்சீட்டிலிருந்த வேட்டி மெத்தையை எடுத்து உதறி, மடித்து, மறுபடி அங்கேயே போட்டான். அந்த அரிசியை இரண்டு பேரும் பொங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. தவிட்டுக் கடன் இருந்ததே.

லீவு முடிந்து டூட்டிக்குப் போன கனகா, பச்சைக்குழந்தை வார்டு வேண்டாம் என்று கெஞ்சி மாற்றல் கேட்டாள். கொடுத்தார்கள். தடுப்பூசி அறை. விதி சிரித்திருக்க வேண்டும். குழந்தைக்கு நாற்பத்தைந்தாம் நாள் முதல் ஊசி. இது நர்ஸுக்குத் தெரியாதா? தெரியும். தேதியும் தெரியும். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தத் தேதி வந்தது. செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி. கூட நின்ற நர்ஸ் தமிழ்ச்செல்வி அட்டையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தன்விகா! தன்விகா யாரும்மா?"

தெரியாத பேர். கனகா ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் ஒரு சிணுங்கல். பேர் மாறலாம். குரலுமா மாறும்?

"செல்வி, நீ போடு. நான் உள்ள இருக்கேன்."

"ஏன்க்கா, ஒன்பது வருசத்துல ஊசி போட மறந்து போச்சா?" தமிழ்ச்செல்வி சிரித்தாள். சிரித்தவள் கனகாவின் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

கனகா பச்சைத் திரைக்குப் பின்னால் போய், மருந்துப் பெட்டியோரம் சுவரைப் பார்த்து நின்றாள். முகத்தில் முழிக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள். காதுக்கு விரதம் சொல்லவில்லை.

ஊசி இறங்கியது. வீல்!

அழுகை ஏறிக்கொண்டே போனது. தமிழ்ச்செல்வி கிலுகிலுப்பை ஆட்டினாள். பாண்டீஸ்வரி, "ச்சோ ச்சோ, கண்ணு, தங்கம், தன்வி," என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நிற்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் நிறுத்தும். தவிட்டு என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். கனகா அடையாள அட்டையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். பட்டையின் ஓரம் வெட்டியது.

திடீரென்று பாண்டீஸ்வரியின் சமாதானம் நின்றுவிட்டது. குழந்தை மட்டும் அழுதது.

திரை தரையைத் தொடாது. ஒரு சாண் இடைவெளி இருக்கும். கனகாவின் கால் அந்தப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பச்சை வார் போட்ட செருப்பு. முப்பது நாள் கீழக்குயில்குடி வாசலில் பார்த்துப் பழகிய செருப்பு.

காலடி நெருங்கி வந்தது. திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. துணி அசையவில்லை. தொடக்கூட இல்லை.

"அக்கா."

கனகா மூச்சை நிறுத்தினாள்.

"அக்கா... உங்க பிள்ளைக்குப் பால் குடுக்கலாமாக்கா?"

குடு தாயி என்பது தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் பிள்ளை இவளுடையது என்று ஆகும். அறுத்த கட்டு மறுபடி முடிச்சு விழும். இதையெல்லாம் அவள் நம்பவில்லை. துளிகூட நம்பவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

அழுகை விக்கலாகிக்கொண்டிருந்தது. பாலுக்கு ஏங்கிச் சப்புக்கொட்டுகிற சத்தம். பசி.

"யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரியாதும்மா," என்றாள் கனகா சுவரைப் பார்த்து. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "பசிச்சு அழுகுது. குடுத்துரு."

வெளியே நாற்காலி இழுபடும் ஓசை. சேலை சரசரக்கும் ஓசை. அழுகை பாதியில் அறுந்தது.

கனகா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மடக்கு. ஒரு மூச்சு. மூன்று மடக்கு. ஒரு மூச்சு.

தமிழ்ச்செல்வி அடுத்த அட்டையை எடுத்துப் பேரைக் கூப்பிட்டாள்.